பாறணையின் முதல் இலை

எங்கள் வெள்ளவத்தை மாடிக் கட்டடத்தில் இந்தக் கதையை ஆளாளுக்கு ஒரு மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இரண்டாம் மாடிக்காரி சொல்லும்போது நான் நடுவீதியில் நின்று பாணுக்கு அழுதேன் என்கிறாள். கீழ்வீட்டுக்காரி சொல்லும்போது நான் மயங்கி விழுந்தேனாம், யாரோ ஒரு புண்ணியவான் என் வாயில் பணிஸை வைத்தானாம். ஒருவரும் வைக்கவில்லை. நானே வாங்கினேன், நானே வைத்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் எழுதுவேன். ஆனால் நடந்தது எனக்கு. அதனால் நானே எழுதி வைக்கிறேன். அவசரப்படுகிறவர்கள் இரண்டாம் மாடிக்காரியிடமே கேட்டுக்கொள்ளலாம்.

முதலில் என் விரதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐப்பசியில் கந்தசஷ்டி ஆறு நாள். முருகன் சூரனோடு போரிட்ட நாட்கள். சிலர் ஒருபொழுது சாப்பிடுவார்கள். சிலர் பாலும் பழமும் என்று சொல்லிப் பழக்கடையையே வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். நான் பகலில் தண்ணீர் மட்டும். பின்னேரப் பூசை முடிந்து வந்து ஒரு தம்ளர் பால், ஒரு கதலிப்பழம். அவ்வளவுதான். கலியாணம் முடித்த காலத்திலிருந்து இப்படித்தான். ஒரு வருடம்கூட நான் தலை சுற்றுகிறது என்று சொன்னது கிடையாது.

ஏழாம் நாள் காலையில் விரதம் முடித்துச் சாப்பிடுகிற சாப்பாட்டைப் பாறணை என்போம். எங்கள் கட்டடத்தில் விரதம் பிடிக்கும் பெண்கள் எல்லாரும் என் வீட்டு மண்டபத்தில்தான் பாறணை. வரிசையாக வாழை இலை போடுவேன். சுவாமி அறை வாசலோடு போடுகிற இலை முதல் இலை. ஆறு நாளும் ஆகக் கடுமையாக விரதம் பிடித்தவருக்கு அது. அவர் சோற்றில் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் வைக்கலாம். அவர் இலையை மடித்த பிறகுதான் மற்றவர்கள் எழும்பலாம். முதல் இலையில் மிச்சம் விடக்கூடாது. இந்தச் சட்டத்தை எல்லாம் யார் போட்டது என்று கேட்டால், நான்தான் போட்டேன். போட்ட நாளிலிருந்து முதல் இலையும் எனக்குத்தான் விழுந்தது. அதில் சூது ஒன்றும் இல்லை. அப்படிப் பிடிக்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான்.

இனி என் மச்சாள். என் கணவருடைய தங்கை. கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவாள், வெள்ளிக்கிழமை முருகனுக்கு நெய்விளக்கு வைப்பாள். இரண்டு பேரும் அவளைக் கைவிட்டதில்லை, வயிற்று விஷயத்தைத் தவிர. ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும் முதல் நாள் பின்னேரம் பையோடு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிடுவாள். இங்கே கோயில் பக்கத்தில் என்பது ஒரு காரணம். என்னைப் பார்த்தாவது தன் வயிறு திருந்தும் என்பது இன்னொரு காரணம். திருந்தியதே இல்லை. மூன்றாம் நாள் விழுந்துவிடுவாள். ஒரு வருடம் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு மரக்கறி ரொட்டி சாப்பிட்டாள். மற்ற வருடங்களில் செருப்புத் தைக்கக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலி வீதியில் இருக்கிற சைவக்கடைக்குப் போய் மசாலாத் தோசை சாப்பிட்டுவிட்டு வருவாள். செருப்பு கையிலேயே திரும்பி வரும்.

"என்ன மச்சாள், செருப்புக்கு உருளைக்கிழங்கு மணக்குது" என்பேன்.

"என்னால ஏலாது மச்சாள். கண்ணுக்குள்ள பூச்சி பறக்குது" என்பாள்.

"பூச்சி எனக்கும்தான் பறக்குது. நான் பறக்க விடுறன். நீர் பின்னால ஓடுறீர்."

இப்படித்தான் எங்கள் காலம் போய்க்கொண்டிருந்தது.

இது நடந்த வருடம் ஆவணி மாதத்தில் என் தோள் இரண்டும் பிடித்துக்கொண்டன. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. கொண்டை போட முடியவில்லை. தலையை விரித்துக்கொண்டு சூர்ப்பனகை மாதிரி இருந்தேன். டொக்டர் பிள்ளை இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு சின்ன வெள்ளைக் குளிசை தந்தாள். தினமும் போட வேண்டும், பல மாதம் போட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், நினைத்தவுடன் நிறுத்தக்கூடாது என்றாள். ஸ்டீரொயிட் என்று பெயர். போட்ட கிழமையே கை மேலே போனது. அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தக் கும்பிடே குளிசையால் வந்ததுதான்.

அடுத்த கிழமை பசி வந்தது.

நான் பசி தெரியாதவள் இல்லை. பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பசி வேறு. அது வாசலில் வந்து நிற்கும். பேசாமல் போ என்றால் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும். இந்தப் பசி வாசலில் நிற்கவில்லை. வீட்டுக்குள் வந்து கதிரையில் இருந்துகொண்டது. நான் சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்தது என்ன என்று கேட்டது. இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு முடித்த கையோடு, மத்தியானக் கறிக்கு என்ன என்று யோசிப்பேன். மத்தியானக் கறியைத் தாளிக்கும்போது பின்னேர வடையைப் பற்றி யோசிப்பேன். கோயிலில் சூரன் யானைத் தலையோடு வருவான், சிங்கத் தலையோடு வருவான், கடைசியில் மாமரமாக நிற்பான். என் பசியும் அப்படித் தலை மாற்றி மாற்றி வந்தது. சூரன்தான் என் வயிற்றில் குடிவந்துவிட்டான் என்று முடிவு செய்தேன். கந்தசஷ்டி வரட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்தேன்.

சூரனுக்குப் படையும் இருந்தது. எங்கள் ஒழுங்கையில் காலையும் பின்னேரமும் பேக்கரி ரொட்டி விற்கிற சூன் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். பின்னால் கண்ணாடிப் பெட்டி, உள்ளே பாண், பணிஸ், மீன் வைத்த மாலு பாண். தூரத்தில் அந்தப் பாட்டுச் சத்தம் கேட்கும்போதே என் வாயில் தண்ணீர் ஊறும். அந்தப் பாண்காரனுக்கும் என்னை நன்றாகத் தெரிந்துபோயிற்று. நான் மாடத்தில் நின்றால் கீழே ஓட்டோவை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பான்.

"அம்மே, உணு பாண் தியெனவா" என்று சிங்களத்தில் சொல்வான். சூடான பாண் இருக்கிறதாம். இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா. அதுதானே பிரச்சினை.

விரதத்துக்கு முதல் நாள் பின்னேரம் மச்சாள் வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். பையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக் குளிர்பெட்டியில் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அது என்ன?"

"சுகருக்கு ஊசி மச்சாள். புதுசாத் தந்தவை. கிழமைக்கு ஒருக்கா வயித்தில குத்தோணும். விரதத்துக்கு வரலாமோ எண்டு டொக்டரிட்டக் கேட்டுக்கொண்டுதான் வந்தனான். பாலும் பழமும் விடாமல் எடுக்கச் சொன்னவர்."

"ஓம் ஓம். மூண்டாம் நாள் தோசைக்கும் கேட்டனீரோ?"

அவள் சிரித்தாள். ஆனால் பழைய சிரிப்பு மாதிரி இல்லை.

விரதம் தொடங்கியது. முதல் நாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் ஜன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு கடலையும் ரயிலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே சூன் பாண் பாட்டுக் கேட்டது. நான் எங்கள் சுவாமிப் படத்தின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"மச்சாள், பசிக்கேல்லையோ?" என்றேன்.

"இல்லையே" என்றாள். தவசி மாதிரிச் சொன்னாள்.

எனக்குச் சந்தேகம் பிடித்தது. அவள் குளியலறைக்குப் போனால் வாசலில் நின்று காது கொடுத்தேன். கையை நீட்டச் சொல்லி, குளிராக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி மணந்து பார்த்தேன். சந்தனம் மணந்தது. மூன்றாம் நாள் அவளைத் தூங்கவிட்டு, சைவக்கடைக்கே போய் முதலாளியிடம் கேட்டேன்.

"உங்கட மச்சாள் இந்த முறை வரேல்லையே அக்கா" என்றார் அவர். "நாங்களும் மூண்டாம் நாள் மசாலாத் தோசைக்குப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறம். சுகமில்லையோ?"

"நல்ல சுகம். அதுதான் கேட்டனான்."

"நீங்க இருங்கோவன். வடை இப்பதான் இறக்கினது."

கண்ணை மூடலாம். மூக்கை எப்படி மூடுவது. அந்தக் கடையிலிருந்து வெளியே வர நான் பட்ட பாடு திருச்செந்தூரில் முருகன்கூடப் பட்டிருக்க மாட்டார்.

கோயிலில் இன்னும் மோசம். அபிஷேகத்துக்குப் பால் ஊற்றினார்கள், தயிர் ஊற்றினார்கள், தேன் ஊற்றினார்கள். கடைசியில் பஞ்சாமிர்தம். வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் கற்கண்டுமாக மேலிருந்து கீழே வழிந்தது. எல்லாரும் முருகனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் வழிந்ததைப் பார்த்துக் கும்பிட்டேன். மார்பிலே ஒரு பேரீச்சம்பழம் ஒட்டிக்கொண்டு நின்றது. தீபாராதனை முடியும்வரை அது விழுமா விழாதா என்பதே என் தியானம்.

இதற்குள் இன்னொரு கரைச்சல். அந்தக் குளிசையால் என் முகம் உருண்டுகொண்டு வந்தது. விரதம் பிடிக்கப் பிடிக்கக் கன்னம் இரண்டும் பூசணிக்காய் மாதிரி ஊதிக்கொண்டு போனால் ஊர் என்ன சொல்லும்.

"அக்கா, பால் மட்டும்தானே குடிக்கிறீங்க?" என்று இரண்டாம் மாடிக்காரி கோயில் வீதியில் வைத்துக் கேட்டாள்.

"ஏன், கேள்வி?"

"இல்லை, முகம் நல்லாத் தெளிஞ்சிருக்கு. அதுதான் கேட்டன். கொட்டாஞ்சேனை அக்காதான் பாவம், அப்பிடியே வத்திப் போனா. என்ன தேசு பாருங்கோ முகத்தில. இந்த முறை முதல் இலை அவவுக்குத்தான் போல."

பகிடிக்குச் சொன்ன மாதிரித்தான் சொன்னாள். ஆனால் சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை. ஓம் என்கிற மாதிரித் தலையை ஆட்டினார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, என் மண்டபத்தில், நான் போட்ட சட்டப்படி, நான் போடப்போகிற இலை என் கையைவிட்டுப் போகப் போகிறது. அதுவும் செருப்போடு தோசைக்குப் போனவளிடம்.

நாலாம் நாள் எனக்கு டொக்டரிடம் தவணை. காலி வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் அவளுடைய கிளினிக். மச்சாள் துணைக்கு வந்தாள். வெளியில் நீள வாங்கில் உட்கார்ந்து சஷ்டிக் கவசத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் உள்ளே போனேன்.

டொக்டர் பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள், பிரஷர் பார்த்தாள்.

"குளிசையைக் காலமைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுறீங்க அம்மா?"

"பின்னேரம் போடுறன். பாலோட."

"சாப்பாடு?"

"பால் சாப்பாடு இல்லையோ?"

அவள் பேனையைக் கீழே வைத்தாள். விரதம் என்று சொன்னேன். இத்தனை வருடமாகப் பிடிக்கிறேன் என்றும் சொன்னேன். இந்த முறைதான் பசி ஆளைத் தின்கிறது, சூரன் வயிற்றில் இருக்கிறான் என்றும் சொன்னேன்.

"சூரன் வயித்தில இல்லை அம்மா. தலையில" என்றாள்.

"தலையிலயோ?"

"பசி எண்டது மூளைக்குள்ளதான் இருக்கு. வயிறு காலியானா அது ஒரு ஹோர்மோனை இரத்தத்தில விடும். அது மூளைக்குப் போய், சாப்பாடு வேணும் எண்டு சொல்லும். உடம்பில இருக்கிற கொழுப்பு இன்னொண்டை விடும். அது, இருப்பு இருக்கு, பதறாதே எண்டு சொல்லும். சாப்பிட்ட உடனே குடல் வேற ஒண்டை அனுப்பும். அது போதும் எண்டு சொல்லும். இதையெல்லாம் கேட்டுத்தான் மூளை முடிவெடுக்கிறது, கையைச் சட்டிக்குள்ள விடுறதோ இல்லையோ எண்டு."

பெயர்களும் சொன்னாள். கிரெலின், லெப்டின் என்று இரண்டு. கொன்வென்டில் படித்த அக்காளும் தங்கையும் மாதிரி இருந்தது. அக்காள் கொண்டா கொண்டா என்பாளாம், தங்கை போதும் போதும் என்பாளாம்.

"அப்ப என்ர குளிசை?"

"அதுவும் ஒரு ஹோர்மோன் சாதிதான். அது மூளையில போய்க் குழப்பும். நீங்க சாப்பிட்டு எழும்பினாலும், இன்னும் சாப்பிடேல்லை எண்டு மூளை நினைக்கும். இனிப்பையும் எண்ணெய்ச் சாமானையும் கூடத் தேடும். அது உங்கட பிழை இல்லை அம்மா."

பிழை இல்லை என்று சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. பசி வந்தது என் பிழை இல்லை என்றால், இவ்வளவு காலமும் பசி வராதது என் கெட்டித்தனமும் இல்லை என்று ஆகிவிடும். அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டு, வேறொன்று கேட்டேன்.

"பிள்ளை, சுகருக்குக் கிழமைக்கு ஒருக்கா வயித்தில குத்துற ஊசி ஒண்டு இருக்காம். அது என்ன செய்யும்?"

"அதுவோ. குடல் அனுப்புற அந்தப் 'போதும்' இருக்கெல்லே, அதைப் போலவே செய்த மருந்து. மூளை, சாப்பிட்டாச்சு எண்டு நம்பிடும். சில ஆக்களுக்குப் பசியே வராது. ஏன், உங்களுக்கு வேணுமோ?"

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

முருகன் அம்மாவிடம் வேல் வாங்கினார் என்பார்கள். நான் அந்தக் கதிரையில் உட்கார்ந்தபடியே டொக்டர் பிள்ளையிடம் வாங்கினேன். அவள் அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் பாதிதான் காதில் விழுந்தது. குளிசையை இனிக் காலையில், சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் புண் வரும். விரதத்தைச் சாட்டி நிறுத்தவும் கூடாது. விரதம் இன்றோடு சரி.

"டொக்டர் பிள்ளை, இது முருகன்ர விரதம்."

"முருகனும் சாப்பாட்டுக்குப் பிறகு எண்டுதான் எழுதித் தருவார் அம்மா."

வெளியே வந்தேன். மச்சாளும் நானும் காலி வீதியால் நடந்து ஒழுங்கைக்குள் திரும்பினோம். எனக்கு மனதுக்குள் குளிர்ந்திருந்தது. என் விரதம் போனால் போகட்டும், முதல் இலைக்கு இனி ஆள் இல்லை. அவளுடையது விரதமே இல்லை, ஊசி. அவ்வளவையும் கட்டட வாசலில், நாலு பேர் நிற்கிற இடத்தில் வைத்துச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். அப்போது அவள் தானாகக் கதைக்கத் தொடங்கினாள்.

"மச்சாள், ஒண்டு சொல்லட்டோ. சிரிக்கக்கூடாது."

"சொல்லும்."

"கலியாண வீட்டிலயும் செத்த வீட்டிலயும் என்ர இலையைத்தான் எல்லாரும் பார்க்கிறவை. அண்ணாவும் சொல்லுவார், இவளுக்கு இருக்கிறது வயிறு இல்லை, சாக்கு எண்டு. பகிடிதான். நானும் சேர்ந்து சிரிக்கிறனான். ஆனா ஒரு நாள்கூட என்ர தலைக்குள்ள சாப்பாட்டுக் கதை நிண்டதில்லை மச்சாள். படுத்தாலும் கேட்கும், கும்பிட்டாலும் கேட்கும். எல்லாருக்கும் அப்பிடித்தானாக்கும், மற்றவை அடக்கினம், நான்தான் அடங்காதவள் எண்டு நினைச்சிட்டன்." கொஞ்சம் நின்றாள். "இந்த முறை அது நிண்டிட்டுது. தலைக்குள்ள ஒரு சத்தமும் இல்லை. சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறன். முருகன் என்னையும் பார்த்திட்டார் மச்சாள். அந்தோனியாருக்கும் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான், இனி இந்தக் கரைச்சலுக்கு உம்மட்ட வரமாட்டன் எண்டு."

அவள் முகத்தைத் துடைத்தாள். வெயில் என்றாள்.

எனக்கு வாய் திறந்தது. ஊசி என்று சொல்லத்தான் திறந்தது. அது சத்தியம். அந்த நேரம் பார்த்துப் பின்னால் பாட்டுக் கேட்டது. சூன் பாண்காரன் எங்களுக்குப் பக்கத்திலேயே ஓட்டோவை நிறுத்தினான். கண்ணாடிக்குள் கிம்புலா பணிஸ். முதலை மாதிரி நீளமாக, மேலே சீனி தூவி, சூட்டில் சீனி பாதி உருகி.

"அம்மே, உணு உணுவே" என்றான்.

ஒன்று வாங்கினேன். திறந்த வாய் திறந்தபடி இருந்தது. அதில் முதலையின் தலையை வைத்தேன். சொல்ல வந்தது உள்ளே போய்விட்டது, பணிஸோடு. வால் வரை நின்ற இடத்திலேயே சாப்பிட்டேன். ஒளிக்கவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. என் குடும்பத்தில் யாரும் ஒளித்துச் சாப்பிட்டதில்லை, மச்சாளைத் தவிர.

மச்சாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மச்சாள் இது?"

"டொக்டர் குளிசைக்குச் சாப்பிடச் சொன்னவ." சாப்பிடச் சொன்னது சோறு, சீனிப் பணிஸ் இல்லை என்று டொக்டர் பிள்ளை பிறகு ஒரு முறை நன்றாக ஏசினாள். அது வேறு கதை.

மச்சாள் விரலை மடக்கி நாளை எண்ணினாள். பிறகு சொன்னாள்: "நான் மூண்டாம் நாள் விழுகிறனான். நீங்க நாலாம் நாள் விழுந்தியள். ஒரு நாள்தான் மச்சாள் வித்தியாசம்."

இவ்வளவு காலமும் நான் சொன்னதற்கெல்லாம் அது ஒன்றுதான் அவள் திருப்பித் தந்தது. நன்றாகத்தான் இருந்தது. நான் சொல்லியிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

லிப்டில் இரண்டாம் மாடிக்காரி நின்றாள். என் உதட்டைப் பார்த்தாள்.

"அக்கா, சீனி."

"ஓம், சீனி. கிம்புலா பணிஸ் சாப்பிட்டனான். மருந்துக்கு. இன்னும் ஒண்டு சாப்பிட்டிருப்பன், கையில வேற சல்லி இருக்கேல்லை. வேற ஏதும் கேட்கோணுமோ?"

அவள் இரண்டாம் மாடியில் இறங்கிக்கொண்டாள். லிப்ட் எங்கள் நாலாம் மாடிக்கு வருமுன் கதை போய்ச் சேர்ந்திருந்தது.

ஐந்தாம் நாளிலிருந்து நான் குளிசைக்குச் சாப்பிட்டேன், மச்சாள் முருகனுக்குப் பட்டினி இருந்தாள். நான் புட்டு அவிக்கும்போது அவள் தேங்காய் துருவித் தந்தாள், ஒரு சொட்டைக்கூட வாயில் போடவில்லை. முந்தி என்றால் பாதித் தேங்காய் சட்டிக்கு வராது. சூரன்போர் அன்று இரண்டு பேரும் கோயில் வீதியில் நின்று பார்த்தோம். சூரனுடைய தலையைக் கழற்றிக் கழற்றி வேறு வேறு தலையாக மாட்டினார்கள். உடம்பு ஒன்றுதான். எனக்கு டொக்டர் பிள்ளையின் ஞாபகம் வந்தது. தலையில் என்று அவள் சொன்னது இதைத்தானோ என்று நினைத்தேன். மச்சாளின் தலைக்குள் ஓயாமல் கேட்ட சத்தம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே குறைவாகத்தான் கேட்டிருக்க வேண்டும் என்றும் நினைத்தேன். அதையும் அதிக நேரம் நினைக்கவில்லை. பக்கத்தில் கடலைக்காரன் நின்றான்.

பாறணை அன்று காலையிலேயே எழும்பிச் சமைத்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய், அகத்திக்கீரை, அப்பளம், வடை, பாயாசம். பெண்கள் எல்லாரும் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்தார்கள். ஒருவரும் சுவாமி அறை வாசல் பக்கம் போகாமல் சுவரோடு நின்றார்கள். நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க நின்றார்கள்.

நான் நல்ல பெரிய தலைவாழை இலையாகப் பார்த்து எடுத்து வாசலோடு போட்டேன். தண்ணீர் தெளித்தேன்.

"மச்சாள், வந்து இரும்."

"எனக்கோ?"

"சட்டம் சட்டம்தான். ஆறு நாளும் பிடிச்சது நீர். இரும்."

அவள் இருந்தாள். கலியாணப் பெண் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். நானே பரிமாறினேன். என் மண்டபத்தில் முதல் இலைக்குக் குறைவாக வைத்தேன் என்று ஒருவரும் சொல்லக்கூடாது என்பதற்காகச் சோற்றைக் குவித்து, கறிகளை நிறைய வைத்து, வடையை இரட்டையாக வைத்தேன். அவள் கையை வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். எல்லாரும் ஆறு நாள் பசி. பேச்சே இல்லை.

மச்சாள் ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய். மூன்றாவதை உருட்டி வைத்துக்கொண்டு இலையைப் பார்த்தாள். மற்றவர்கள் பாயாசத்துக்கு வந்துவிட்டார்கள், அவள் அந்த உருண்டையை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு பாயாசமும் முடிந்தது. எல்லாரும் காய்ந்த கையோடு முதல் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவள் மடிக்காமல் ஒருவரும் எழும்பமுடியாது. மிச்சம் வைத்து அவளும் மடிக்கமுடியாது. இந்தச் சட்டத்தைப் போட்டவளை அன்றைக்குத்தான் எனக்கும் பிடிக்காமல் போனது.

நான் மோர் ஊற்றுகிற மாதிரிக் குனிந்தேன்.

"என்ன?"

"ஏலாது மச்சாள்." உருண்டையைத் திரும்ப இலையில் வைத்தாள். "இறங்குதே இல்லை. ஆறு நாள் பட்டினி கிடந்தும் பசிக்கேல்லை எண்டால் என்ன அர்த்தம். அவர் அன்னத்தை என்னட்ட இருந்து எடுத்திட்டாரோ? நான் ஏதும் பிழை செய்திட்டனோ?"

கண்ணில் தண்ணீர் நின்றது. தேசு என்று எல்லாரும் சொன்ன முகம் அப்படியே வெளிறிப்போயிற்று. இரண்டாம் மாடிக்காரி கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்போது டொக்டர் பிள்ளையின் கதையை முழுதாகச் சொல்ல நேரம் இல்லை. அதோடு எனக்கும் காலைக் குளிசைக்கு நேரமாகியிருந்தது. பசி என்றால் அப்படி ஒரு பசி. சமைக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து அந்தக் கொன்வென்ட் அக்காள் என் காதுக்குள் கத்திக்கொண்டே இருந்தாள்.

மோர்ச் சட்டியைக் கீழே வைத்தேன். பாயை இழுத்துப்போட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"தள்ளி இரும்" என்றேன். "உம்மட்ட எடுத்ததை அவர் எனக்குத் தந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு இலை காணும். இந்தப் பக்கம் உம்மட கை படேல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப திருப்பும்."

இலையை என் பக்கம் திருப்பினாள். நான் சாப்பிட்டேன். சோறு, பருப்பு, பால்கறி, கீரை எல்லாம். வடை இரண்டையும். அவசரப்படவில்லை. என்னுடைய சமையல், நானே சொல்லக்கூடாது, ஆனால் வேறு யார் சொல்வது, அன்றைக்கு நன்றாக இருந்தது. மச்சாள் தன் பக்கத்தில் கிடந்ததை ஒவ்வொரு வாயாகத் தின்றாள். நடுவில் மச்சாள் குளிர்பெட்டிப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, என் காதுக்குள் மெதுவாகக் கேட்டாள்.

"அந்த ஊசியாலயோ மச்சாள்?"

எனக்கு வாய் நிறைய வடை. சாப்பிடும்போது கதைத்தால் விக்கல் வரும். தலையை ஆட்டினேன். ஓம் என்று ஆட்டினேனா, வடை நல்லாயிருக்கு என்று ஆட்டினேனா என்று அவள் இன்றுவரை கேட்கவில்லை. ஆனால் அவள் நிமிர்ந்து இருந்தாள். கண்ணைத் துடைத்தாள்.

"அப்ப நல்ல ஊசிதான்" என்றாள். "முருகனிட்டயும் டிஸ்பென்சரி இருக்கும்போல."

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் போய், சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டு வந்துவிட்டதாக எனக்கு டெலிபோனில் சொன்னாள். ஊசி தொடர்ந்து கிடைக்க வேண்டுமே.

அதற்கு முன்னால், அந்தப் பாறணை அன்று, இலையில் ஒரு பருக்கை இல்லாமல் வழித்து முடித்தவள் நான். மச்சாள் கையை எடுத்துக்கொண்டாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, இலையின் மேல் பாதியை என் பக்கமாக மடித்தேன். மடித்த பிறகுதான் எல்லாரும் எழும்பினார்கள். அதனால், முதல் இலை அந்த வருடம் யாருக்குப் போனது என்று எங்கள் கட்டடத்தில் யாராவது கேட்டால், போட்டது மச்சாளுக்கு. மடித்தது நான்.